சும்மா ஒரு சுற்று

வேங்கிக்கால் ஏரிக்கரையில் சாயங்காலம் நடக்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நிமிர்ந்து பார்த்தால் மலை. கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்துவிட்டு வருகிறவர், வேலூர் பஸ்ஸைத் தவறவிட்டவர், சர்க்கரை ஏறிப்போய் டாக்டர் நடக்கச் சொன்னவர்... எல்லோருக்கும் ஒரே மலைதான். நான் மூன்றாவது ரகம்.

மழை நன்றாகப் பெய்த ஒரு வருஷம். ஏரி நிரம்பிக் கோடி போய்க்கொண்டிருந்தது. பத்து, பன்னிரண்டு வயசுப் பையன்கள் இரண்டு பேர், தெர்மாகோல் அட்டைகளைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து, பிளாஸ்டிக் மூடியால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கரையில் இருந்தவர்கள் எல்லாம் கத்தினோம். ''டேய், ஏறி வாங்கடா மேல!'' கத்தினதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏரியில் பிள்ளைகள் மூழ்கிப்போன செய்தி ஒவ்வொரு மழைக்காலமும் எங்காவது பேப்பரில் வரத்தான் செய்கிறது.

பக்கத்தில் நின்ற பெரியவர் மட்டும் கத்தவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்.

''காத்து பின்னாலதான் இருக்கு. சட்டையைக் கழட்டி விரிச்சுப் பிடிச்சான்னா கை வலிக்காம கரைக்கு வந்துருவான்.''

திருவண்ணாமலையில் இப்படிப் பேசுகிற ஆள் கிடையாது. இங்கே தண்ணீர் என்றால் கிணறு, ஏரி, குளம், சாத்தனூர் அணை. காற்றை வைத்துத் தண்ணீரில் போகலாம் என்பது எங்கள் ஊர் புத்திக்குத் தோன்றாது. ''நீங்க எந்த ஊர் சார்?'' என்று கேட்டேன். அப்படித்தான் பழக்கம் ஆனது.

தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமம் அவருக்கு. 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்து திருவண்ணாமலை மாவட்டம் உண்டானதே, அப்போது மாற்றலாகி வந்தவர். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ரிட்டயர் ஆகி, வேங்கிக்காலிலேயே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். தினம் சாயங்காலம் ஏரிக்கரைக்கு வருவார். நடக்க மாட்டார். உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவார்.

கடலைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வார். வாடை எப்போது திரும்பும், கச்சான் எடுத்தால் எத்தனை நாள் நிற்கும், கொண்டல் வந்தால் என்ன மீன் கிடைக்கும் என்று ஆபீஸ் ஃபைலைப் புரட்டுகிற மாதிரி புரட்டுவார். அவர்கள் ஊர்ப் படகுக்கு 'வத்தை' என்று பேர். அடி தட்டையாக, பெட்டி மாதிரி இருக்கும். பாய் விரித்துக் காற்று ஏறினால் படகு ஒரு பக்கம் சாயும். அதைச் சமன்செய்ய, குறுக்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பலகையில் ஆள் போய் உட்கார வேண்டும். அதில்தான் சின்ன வயசில் இவர் உட்கார்ந்திருக்கிறார். ''காத்து கூடினா வெளிய போ, குறைஞ்சா உள்ள வா. நான்தான் எங்கப்பாவுக்குத் தராசுக்கல்லு'' என்பார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு தடவையாவது பாய்மரப் படகில் போக வேண்டும். ''ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க சார், சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்'' என்றேன்.

அவர் முகம் மாறிப்போனது.

''நான் படகுல ஏறி அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு தம்பி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின அன்னிக்கு எங்கப்பா சொன்னார், 'இனிமே நீ இதுல கால் வைக்கக் கூடாது'ன்னு. அவர் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகப்போகுது. நான் வைக்கல.''

''அது படிக்கணும்னு சொன்னது சார். இப்பதான் ரிட்டயரே ஆயிட்டீங்களே...''

''அதுக்கில்ல'' என்றவர், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். பேனா பிடித்த கை. வழுவழுவென்று இருந்தது. ''எங்கப்பா கையில சோறு பிசைஞ்சா சூடு தெரியாது அவருக்கு. அப்படிக் காய்ச்சுப்போயிருக்கும். அந்தக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நான் உல்லாசமாப் போறதா? அது அவரைக் கேலி பண்ற மாதிரி இல்லையா?''

சாதாரணமாகத் தோன்றுகிற இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நம்மில் பாதிப் பேருக்கு இது பொருந்தும். அம்மாவின் முதுகை ஒடித்த ஆட்டுக்கல் இப்போது வரவேற்பறையில் பூச்சட்டி. தாத்தா கடன் தீர்க்க முடியாமல் விற்ற நிலத்தில் ரிசார்ட் வருகிறது. அங்கே பேரன் காசு கொடுத்துச் சேற்றில் இறங்கி நாற்று நட்டு, போட்டோ எடுத்துக்கொள்கிறான். மாட்டுவண்டிச் சவாரி, பொங்கல் ஸ்பெஷல், தலைக்கு இவ்வளவு! ஒரு தலைமுறையின் வலி அடுத்த தலைமுறைக்குப் பொழுதுபோக்காகலாமா?

கட்டுமரம் என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. உள்ளே குழிவே இல்லை, அதனால் தண்ணீர் நிறைந்து மூழ்காது. அலை மேலே ஏறி, இடுக்கு வழியாக வழிந்து போய்விடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைக் காயப்போடுவார்கள். கோவணத்தோடு அதில் போன மனுஷனைச் சோழமண்டலக் கரையில் பார்த்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, 1697-ல் வந்த தன் பயணப் புத்தகத்தில் அந்த வார்த்தையை எழுதிவைத்தார். அது 'காட்டமரான்' ஆயிற்று. 1876-ல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் இரண்டு உடல் சேர்த்த பந்தயப் படகு ஒன்றைக் கட்டி மற்றவர்களைத் தோற்கடித்தார். அந்த ஜாதிப் படகுக்கும் இந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு உலகத்துப் பணக்காரர்கள் வெதுவெதுப்பான தீவுக் கடல்களில் மிதந்துகொண்டே ஐஸ் போட்டுக் குடிக்கிற படகின் பேர், நம்ம ஊர்ப் பரதவன் வயிற்றுக்காக மரம் கட்டிய பேர்!

மறுநாள் அவரிடம் வேறு மாதிரி வாதம் பண்ணிப் பார்த்தேன். ''தீபம் முடிஞ்சு மூணு நாள் அய்யங்குளத்துல தெப்பல் நடக்குதே, அது எங்க சார் போகுது? சுத்திச் சுத்திக் கிளம்பின இடத்துக்கே வருது. யாராவது கேலின்னு சொல்றோமா?''

அவர் சிரித்தார். ''சாமிக்குக் கை காய்க்காது தம்பி.''

ஜோஷுவா ஸ்லோகம் கதையைச் சொன்னேன். உலகத்தைத் தனியாகப் பாய்மரப் படகில் சுற்றிவந்த முதல் ஆள். 1895-ல் பாஸ்டனில் கிளம்பி 1898-ல் திரும்பினார். பணக்காரர் இல்லை. சரக்குக் கப்பல் ஓட்டிப் பிழைத்த கேப்டன். நீராவிக் கப்பல் வந்ததும் பாய்மரக் கப்பல் கேப்டன்களை யாரும் சீந்தவில்லை. வயலில் கிடந்து மக்கிப்போன ஒரு சிப்பிப் படகு அவர் தலையில் கட்டப்பட்டது. 13 மாசம் தன் கையாலேயே இழைத்து இழைத்து அதைப் புதுசாக்கினார். நீளம் 37 அடிக்குக் கொஞ்சம் குறைவு. 1897-ல் ஆஸ்திரேலியாவின் வடமுனைப் பக்கமிருந்து நம்ம இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் கீலிங் தீவு வரை 2,700 மைல், 23 நாள். சுக்கானைக் கட்டிப்போட்டுவிட்டார். அத்தனை நாளில் சுக்கான் பக்கத்தில் அவர் நின்றது மொத்தமே மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. மீதி நேரம் புத்தகம் படித்தார், சமைத்தார், தூங்கினார்.

''வயித்துக்காகக் கடல்ல போனவர்தானே சார் அவரும்? அதே கடல்ல அவர் சந்தோஷமாப் போகலையா?''

''அவர் கை. அவர் கடல். அவர் சந்தோஷப்படலாம்'' என்றார். ''நான் அப்பா கையை வெச்சுச் சந்தோஷப்படுறதுதான் தப்பு.''

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால், ஒன்று சொன்னார். ''உனக்கு ஆசைன்னா வா. மருமகன்கிட்ட சொல்லி அனுப்பிவைக்கிறேன். நான் கரையில இருக்கேன்.''

2024 ஏப்ரல் கடைசியில் போனோம். ராத்திரி பஸ்ஸில் திருச்சி. அங்கிருந்து புதுக்கோட்டை, அறந்தாங்கி, தொண்டி. அந்தச் சமயத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று வைத்த தடை. 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. ''பெரிய போட்டு சத்தமெல்லாம் அடங்கியிருக்கும். எங்கப்பா காலத்துக் கடல் எப்படியிருந்துச்சுன்னு தெரியணும்னா இந்த ரெண்டு மாசந்தான்'' என்றார்.

அவருடைய அக்கா, எண்பதை நெருங்குகிற பாட்டியம்மா, வாசலிலேயே நின்றிருந்தார். ''வா தம்பி'' என்று அவரையும், ''வாங்க அய்யா'' என்று என்னையும் கூப்பிட்டார். எழுபத்து மூன்று வயசு மனுஷர் அந்த ஒரு 'தம்பி'யில் டவுசர் போட்ட பையனாகிவிட்டதைப் பார்த்தேன்.

விடியும் முன்பே மருமகன் எழுப்பிவிட்டார். அவர் படகில் இஞ்சின் இருந்தது. திருவிழாப் போட்டிக்கு என்று பாயும் வைத்திருந்தார். தொண்டிப் பக்கத்து ஊர்களில் இன்றைக்கும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. கடல் தொழிலில் இஞ்சினிடம் தோற்றுப்போன பாய், கோயில் திருவிழாவில் வருஷத்துக்கு ஒரு நாள் ராஜா.

அந்தக் கடற்கரையில் காற்றுக்கு ஒரு டைம்டேபிள் உண்டு. ராத்திரி தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் குளிராது. அதனால் விடியற்காலையில் கரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று அடிக்கும். வெயில் ஏறித் தரை கொதித்ததும் காற்று திரும்பி, கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். போகும்போது கரைக்காற்று தள்ளிவிடும், வரும்போது கடல்காற்று கொண்டுவந்து விடும். டீசல் இல்லாத காலத்தில் இதுதான் மீனவனுக்கு அப்-டவுன் டிக்கெட்.

கொஞ்ச தூரம் போனதும் மருமகன் இஞ்சினை நிறுத்தினார். பாயை ஏற்றினார். படபடவென்று அடித்துக்கொண்டது. கயிற்றை இழுத்ததும் ஒரே ஒரு 'டப்'. பிறகு சத்தமே இல்லை.

அந்தச் சத்தமின்மையை எப்படிச் சொல்வது? கரன்ட் போனதும் வீட்டில் ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் நின்று, இத்தனை நேரம் இவ்வளவு இரைச்சலிலா இருந்தோம் என்று தெரியுமே, அதுபோல. படகின் முன்முனையை அணியம் என்கிறார்கள். அதன் கீழே தண்ணீர் பிரிகிற சின்னச் சலசலப்பு மட்டும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது நாமும் அதன் கூடவே போவதால், காற்று அடிப்பதே தெரிவதில்லை. கையைத் தண்ணீரில் விட்டேன். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டுவிடும். குழந்தையைக் குளிப்பாட்ட விளாவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

''இதைப் பிடிங்க சார்'' என்று தாமான் கயிற்றைக் கொடுத்தார். பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிறு அதுதான். ''ரொம்ப இழுத்துப் பிடிச்சா படகு சாஞ்சிரும். விட்டுட்டா பாய் செத்துரும். அது என்ன கேக்குதோ அதைக் குடுங்க.''

கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரிதான். இழுக்கும், கொஞ்சம் விட வேண்டும். தளரும், கொஞ்சம் வாங்க வேண்டும். பத்து நிமிஷத்தில் யோசனை நின்றுபோயிற்று. இ.எம்.ஐ. இல்லை, சர்க்கரை இல்லை. எங்கள் ஊரில் 'சும்மா இரு' என்பதை ஆட்டோக்காரர்கூடச் சொல்வார். அருணகிரிநாதருக்கு முருகன் சொன்ன உபதேசம் என்பார்கள். சும்மா இருப்பதென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான், கை வேலை பார்த்துக்கொண்டே இருக்க, ஆள் சும்மா இருந்தேன்.

நாங்கள் எந்த ஊருக்கும் போகவில்லை. எதையும் பிடிக்கவில்லை.

கிழக்கே கை காட்டினார் மருமகன். ''அங்கிட்டு ரொம்பப் போனா அவங்க கடல் சார்.'' 1974-லும் 1976-லும் இரண்டு சர்க்கார்களும் தண்ணீரில் கோடு போட்டார்கள். கோடு கண்ணுக்குத் தெரியாது. தாண்டினால் ஜெயில் தெரியும். சந்தோஷத்தின் நடுவே அதுவும் இருந்தது. எனக்கு அது செய்தி, அவருக்கு அது வேலைக்குப் போகிற வழி. ''பாய் அழகுதான் சார். ஆனா டீசல் ஊத்தினாத்தான் சோறு. தினம் இதுலயே போங்கன்னு யாராவது எழுதினா ஒத்துக்காதீங்க'' என்றும் சொன்னார். எழுதுகிற ஆள் என்று மாமா சொல்லி வைத்திருக்கிறார்போல.

கடல்காற்று திரும்பி, நாங்கள் கரைக்கு வந்தபோது மணி பதினொன்று இருக்கும். ஒரு பனையின் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பும்போது எங்கே உட்கார்ந்தாரோ அதே இடம். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை சிவந்து, இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது.

''எரியுதா?''

''எரியுது சார்.''

''நல்லா இருந்துச்சா?''

பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. ''நல்லா இருந்துச்சு சார்'' என்றேன்.

மத்தியானம் மீன்குழம்பு. சோறு பிசைய முடியாமல் நான் விரல் நுனியில் எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்துப் பாட்டியம்மா சிரித்தார். ''நாலு மணி நேரத்துக்கே இப்படியா? எங்கப்பா இதைப் பார்க்கணும்.''

''அவர் கை வேற அக்கா'' என்றார் இவர். குரல் இறங்கியிருந்தது. ''அவர் பட்ட பாடு வேற.''

''பாடுதான். யார் இல்லைன்னா?'' பாட்டியம்மா இன்னொரு துண்டு மீனை எனக்கு வைத்தார். ''ஆனா, மீனே படாத நாள்ல கரைக்கிட்ட வந்துட்டுத் திரும்பவும் பாயைத் திருப்பிக்கிட்டுப் போவாரே, அது என்ன பாடு? நானும் அம்மாவும் இங்க நின்னு பார்த்துக்கிட்டிருப்போம். ஒரு சுத்து. ரெண்டு சுத்து. அம்மா வைவா. 'வலை காலி, வயிறு காலி, இந்த மனுஷனுக்குச் சவாரி வேண்டிக் கிடக்கு, கஞ்சி ஆறுது'ன்னு.''

இவர் பிசைந்த கையை நிறுத்திவிட்டார்.

''மீன் தேடித்தானே சுத்தினார்? நான் பலகையில உக்காந்திருந்தேனே...''

''வலையைச் சுருட்டி வெச்சுட்டு மீன் தேடுவாங்களா?''

யாரும் பேசவில்லை. அந்தப் பலகையில் உட்கார்ந்து, காற்றுக்குத் தகுந்தபடி வெளியேயும் உள்ளேயும் நகர்ந்துகொண்டிருந்த பையன், அப்பாவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். முகம் கரையில் நின்றவர்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து இவர் கேட்டார். ''பின்ன ஏன் என்னை ஏறக் கூடாதுன்னாரு?''

''உனக்குக் கஷ்டம்னு நினைச்சா சொன்னாரு? அம்மாகிட்ட சொன்னதை நான் கேட்டேன். 'பயலுக்கு இது பிடிச்சுப் போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் விட்டா இதைவிட்டுப் போக மாட்டான்'னு.''

ஏழைகளைப் பற்றி எழுதும்போது நாங்கள் எப்போதும் கண்ணீரையே எழுதுகிறோம். அவர்கள் கை காய்த்தது தெரியும். அந்தக் கை சந்தோஷமாக ஒரு கயிற்றைப் பிடித்திருக்கும் என்று தோன்றுவதே இல்லை. சந்தோஷத்தை ஏதோ படித்து, சம்பாதித்து, ரிட்டயர் ஆன பிறகு நாம்தான் கண்டுபிடித்த மாதிரி ஒரு நினைப்பு. இதை மறுபக்கம் புரட்டி, 'அவங்க அப்படியே சந்தோஷமாத்தானே இருக்காங்க, இஞ்சின் எதுக்கு, பள்ளிக்கூடம் எதுக்கு' என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது முதலாவதைவிட மோசம். அந்த அப்பாவுக்கு இரண்டும் தெரிந்திருந்தது. கடல் எவ்வளவு சுகம் என்பதும் தெரியும், அந்தச் சுகத்தை நம்பிப் பிள்ளையை விடக் கூடாது என்பதும் தெரியும். தனக்குப் பிடித்ததிலிருந்தே பிள்ளையை விரட்டியிருக்கிறார். பிள்ளை அதைக் கஷ்டத்திலிருந்து விரட்டியதாக எடுத்துக்கொண்டு, அரை நூற்றாண்டு ஓர் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் யாரோடும் பேசவில்லை. ராத்திரி திண்ணையில் எனக்குப் பக்கத்தில்தான் படுத்தார். புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

விடிந்து கண் விழித்தபோது பாய் மட்டும்தான் கிடந்தது. செருப்புகூட வாசலிலேயே இருந்தது. எழுந்து கடற்கரைக்கு ஓடினேன். பாட்டியம்மா எனக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

இருநூறு அடி தூரத்தில் பாய் விரித்த படகு வந்துகொண்டிருந்தது. வேலை எதுவும் இல்லாதவராக மருமகன் அணியத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். சுக்கான் பக்கத்தில் வெள்ளை பனியன் போட்ட ஒரு உருவம். கரைக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்து இறங்கிப் பிடிக்கத் தயாரானேன். கிட்டே வந்தது. பாய் ஒரு தடவை படபடத்தது. அப்படியே திரும்பி, மறுபடி கடலைப் பார்த்துப் போயிற்று.

பாட்டியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

''பாருங்க அய்யா இந்த மனுஷனை, கஞ்சி ஆறுது'' என்றார்.